மலைநாட்டுக் குளங்களில் ஐதரில்லா வளர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் வீட்டு வளவிலோ பாடசாலைத் தோட்டத்திலோ சிறு குளம் ஒன்றை அமைத்து, அதில் தும்பியும் தவளையும் நீர்ப்பறவையும் வந்து தங்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். மீன் வளர்ப்புக்கோ அலங்காரத்துக்கோ குளம் வைத்திருப்பவர்களுக்கு இவ்விடைகளில் பல பொருந்தமாட்டா.

ஐதரில்லா என்றால் எது? பள்ளிக்கூடத்தில் ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்குப் புனலுக்குள் போட்டு வைப்போமே, அதுவா?

அதுவேதான். பலர் இதைப் பொதுவாகப் 'பாசி' என்று சொன்னாலும், இது வேரும் தண்டும் இலையும் உள்ள பூக்கும் தாவரம். சேற்றில் வேரூன்றி, உடல் முழுவதையும் நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வளரும். மெல்லிய தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று முதல் எட்டு வரையான சிறிய இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். இலங்கை உட்பட ஆசியாவின் பல நாடுகளுக்கு இது இயல்பான செடி. வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பப்பட்டது அன்று.

குளத்தில் தண்ணீர் இருந்தால் போதாதா? இந்தச் செடி இருப்பதால் உயிரினங்களுக்கு என்ன லாபம்?

வெறும் தண்ணீர் நிரம்பிய குளத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை, முட்டையிட இடமில்லை, தின்பதற்கும் அதிகம் இல்லை. ஐதரில்லா இம்மூன்றையும் தருகிறது. அதன் இலைகளின் மேல் படியும் மிக நுண்ணிய பாசிப் படலத்தை வாற்பேத்தைகளும் நத்தைகளும் சுரண்டித் தின்கின்றன. தண்டுகளுக்கு இடையே நீர்த்தெள்ளு போன்ற நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னத் தும்பியின் குடம்பிகள் வருகின்றன. குடம்பிகளைத் தேடி மடையானும் மீன்கொத்தியும் வருகின்றன. பகலில் செடி வெளிவிடும் ஒட்சிசன் நீரில் கரைவது இவை எல்லாவற்றுக்கும் உதவி.

நேரில் பார்க்க விரும்பினால், வெயில் உள்ள முற்பகல் ஒன்றில் குளத்தருகே அசையாமல் உட்கார்ந்திருங்கள். ஊசித்தும்பிகள் சோடியாக வந்து, நீர்மட்டத்தைத் தொட்டு நிற்கும் ஐதரில்லாத் தண்டில் இறங்கும். ஆண் தும்பி பெண்ணின் கழுத்தைப் பிடித்தபடி மேலே நிற்க, பெண் தன் வயிற்றை வில்லாக வளைத்து நீருக்குள் நுழைத்து, தண்டைக் கீறி, முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் உள்ளே செருகும். சில இனங்களில் பெண் தும்பி முழுவதுமாகவே நீருக்குள் இறங்கிவிடும். அப்போது அதன் உடலைச் சுற்றி ஒட்டியிருக்கும் காற்றுப் படலம் வெள்ளிபோல் மின்னும். தண்டு இல்லாத குளத்தில் இவ்வினங்கள் முட்டையிட வழியே இல்லை.

ஆனால் ஐதரில்லா மட்டும் போதாது. வளர்ந்த குடம்பி தோலுரித்துத் தும்பியாவதற்கு நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டில் ஏற வேண்டும். ஓரத்தில் கோரைப்புல்லையோ, அதுவும் இல்லையென்றால் சாய்வாக ஊன்றிய சில குச்சிகளையோ விட்டுவையுங்கள்.

குளம் வைத்தால் எங்கள் பக்கத்துத் தவளைகள் எல்லாம் வந்துவிடுமா?

எல்லாம் வாரா. மலைநாட்டுப் புதர்களில் இரவில் டிக் டிக் என்று ஒலிக்கும் சிறு தவளைகளில் பெரும்பாலானவை சூடோபிலாட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது, ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். அவற்றுக்குத் தேவை குளம் அன்று. இலைச்சருகும் நிழலும் ஈரமுமே.

குளத்தை நாடி வருபவை தேரையும், நீரோரத் தவளைகளும், நுரைக்கூடு கட்டும் மரத்தவளைகளுமே. இவற்றுள் கடைசியாகச் சொன்னவை நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ கிளையிலோ நுரையால் கூடு கட்டி முட்டையிடும். பொரித்த வாற்பேத்தைகள் அங்கிருந்து குளத்துக்குள் விழும். ஆகவே குளத்தின் ஒரு பக்கத்தில் நீர்மேல் சாயும் செடி ஒன்றையும், அதற்கு நேர் கீழே ஐதரில்லாக் கொத்து ஒன்றையும் வைப்பது நல்ல பொருத்தம். விழுந்தவுடன் ஒளிய இடம் கிடைத்துவிடும்.

நாங்கள் நுவரெலியாவில் இருக்கிறோம். இந்தக் குளிரில் வளருமா?

வளரும், மெதுவாக வளரும். இருபது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரே ஐதரில்லாவுக்கு உகந்தது. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. கண்டியிலோ பதுளையிலோ சில வாரங்களில் நிரம்பும் குளம் உங்கள் பக்கத்தில் நிரம்பப் பல மாதங்கள் எடுக்கலாம். அதை நான் குறையாகக் கருதமாட்டேன். களைந்துகொண்டே இருக்கும் வேலை உங்களுக்கு இராது.

சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழும் தாழ்வான இடங்களில், நீர்மேல் படிந்திருக்கும் நுனிகள் கருகலாம். அடித்தண்டு நீருக்குள் பாதுகாப்பாக இருக்கும். கருகியதைப் பிடுங்காமல் விட்டால் மார்ச்சில் மீண்டும் துளிர்க்கும். குளத்தில் 60 சென்ரிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம்? லயத்துக்கு மேலே ஒரு நல்ல இடம் இருக்கிறது.

லயத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம். சரிவான நிலத்தில் நீரைத் தேக்கி வைத்தால் அது மண்ணுக்குள் ஊறி இறங்கும். ஊறிய மண்ணின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை நம்மில் எவரும் மறக்கவில்லை. வீட்டுக்கு மேலேயோ, பாதைக்கு மேலேயோ, மண்சுவர் வெட்டிய இடத்தின் விளிம்பிலோ குளம் வெட்டக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் உள்ளதாக அடையாளமிட்ட இடங்களில் சிறு குளம்கூட வெட்டாமல், சீமெந்துத் தொட்டி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமதரையில், நாளொன்றுக்கு நான்கைந்து மணிநேரமாவது வெயில் விழும் இடத்தில், ஒரு பக்கம் படிப்படியாக ஆழமாகி நடுவில் 60 முதல் 100 சென்ரிமீற்றர் வரை இறங்கும் குளம் போதுமானது. செங்குத்தான சுவர் வேண்டாம். தவளைக் குஞ்சுகள் ஏறி வெளியே வர முடியாமல் செத்துப்போகும். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் பாடசாலைகளிலும் கட்டாயம் வேலி இடுங்கள்.

அடியில் என்ன மண் போடுவது? எங்கள் மண் புளிப்பு மண். தோட்டத்தில் போடுவதுபோல டொலமைட் போடலாமா?

வளவில் உள்ள சாதாரண அடிமண்ணே போதும். பத்து சென்ரிமீற்றர் கனத்தில் பரப்பினால் வேர் பிடித்துக்கொள்ளும். கொம்போஸ்ட், மாட்டெரு, தேயிலைத் தூள் எதையும் கலக்காதீர்கள். அவை நீருக்குள் அழுகி ஒட்சிசனைத் தின்றுவிடும். அவற்றிலிருந்து கரையும் சத்து ஐதரில்லாவுக்குக் கிடைக்கும் முன்பே பச்சைப் பாசிக்குப் போய்விடும்.

தேயிலை விளையும் மண் புளிப்பாக இருப்பது இயல்பு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்டில், புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூளைத் தோட்டங்களில் இடுவதும் அதனால்தான். ஐதரில்லா ஓரளவு புளிப்பைத் தாங்கும், ஆனால் மிகவும் மென்மையான, புளிப்பான நீரில் மெலிந்து நிற்கும். டொலமைட் இடுவதென்றால் நீர் நிரப்புவதற்கு முன், அடிமண்ணில் ஒரு கைப்பிடி அளவைக் கலந்துவிடுங்கள். உயிர்கள் வந்து சேர்ந்த குளத்தில் பின்னர் தூவுவது, நீரின் தன்மையைத் திடீரென மாற்றி வாற்பேத்தைகளைக் கொல்லக்கூடும்.

செடியை எங்கிருந்து எடுப்பது? டவுனில் மீன்தொட்டிக் கடையில் விற்கிறார்களே?

கடையில் வாங்குவதற்கு முன் உற்றுப் பாருங்கள். ஐதரில்லாவைப் போலவே தோன்றும் எகேரியா என்னும் தென்னமெரிக்கச் செடியும் மீன்தொட்டிக்காக விற்கப்படுவதுண்டு. அது குளிரை நன்கு தாங்குவதால் மலைநாட்டு நீர்நிலைகளில் தப்பிப் போனால் தொல்லை அதிகம். வேறுபாட்டைக் கையால் அறியலாம். தண்டின் நுனியிலிருந்து அடி நோக்கி இரு விரல்களுக்கு இடையே மெல்ல உருவினால், ஐதரில்லா சொரசொரப்பாகப் பிடிக்கும். அதன் இலை விளிம்பில் வெறுங்கண்ணுக்கே தெரியும் பற்களும், அடிப்பக்க நடுநரம்பில் சிறு முட்களும் இருக்கும். எகேரியா வழவழவென்று நழுவும். இலைகளும் பெரியவை, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமானவை. இலை விசிறிபோல் பிரிந்திருந்தால் அது கபொம்பா. அதுவும் அமெரிக்கச் செடி.

அருகிலுள்ள வயல் வாய்க்காலிலோ, தெரிந்தவரின் குளத்திலோ ஒரு கைப்பிடி கிடைத்தால் அதுவே சிறந்தது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களிலிருந்து எந்தச் செடியையும் எடுக்கக்கூடாது. அது சட்டப்படி குற்றம். எங்கிருந்து கொண்டுவந்தாலும் ஒரு வாளி மழைநீரில் இரண்டு வாரம் தனியே வைத்து, நத்தை முட்டைகளையும் ஒட்டிவந்த வேறு செடித் துண்டுகளையும் பொறுக்கி எறிந்துவிட்டு நடுங்கள்.

நடுவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, அல்லது சும்மா எறிந்துவிடலாமா?

எறிந்தாலும் பிழைக்கும், ஆனால் மழைக்கு அடித்துக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஒரு சாண் நீளமுள்ள தண்டுகள் ஆறேழை ஒன்றாகச் சேர்த்து, அடியை ஒரு களிமண் உருண்டைக்குள் அழுத்தி, வேண்டிய இடத்தில் மெதுவாக இறக்கிவிடுங்கள். வேர் கணுக்களிலிருந்தே வரும். முதல் இரண்டு வாரங்களில் பழைய இலைகள் பழுப்பேறி உதிர்ந்தால் பதற வேண்டாம். நுனி பச்சையாக இருக்கும் வரை செடி உயிரோடுதான் இருக்கிறது. குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் ஆறவிட்டு ஊற்றுங்கள். பீலி நீரும் மழைநீரும் அப்படியே ஆகும்.

பருவம் முக்கியம். ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும். மார்ச், ஏப்ரலில் நட்டால் மழை தொடங்குமுன் வேர் பிடித்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கங்களுக்கு மழை ஆண்டின் கடைசியில் வருவதால், அங்கே கோடையில் நடுவதும் சரியே.

டெங்கு வந்துவிடும், குளத்தை மூடு என்கிறார்கள். என்ன சொல்வது?

டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்பு முட்டையிடுவது பெரும்பாலும் தகரப்பேணி, தயர், பூச்சாடித் தட்டு, பீலிவாய் போன்ற சிறு கொள்கலன்களில் தேங்கும் நீரில். தும்பிக் குடம்பிகளும் நீர்வண்டுகளும் நிறைந்த திறந்த குளம் அதற்கு ஏற்ற இடமன்று. ஐதரில்லா அடர்ந்த குளத்தில் நுளம்புக் குடம்பிகளை இவை தின்று தீர்ப்பதை ஒரு வெள்ளைக் கோப்பையில் நீரை அள்ளிப் பார்த்தே அறியலாம்.

உண்மையான ஆபத்து குளத்தின் விளிம்பில் இருக்கிறது. பொலித்தீன் விரித்த குளங்களில், கரைக்கு மேலே மடித்துவிட்ட பொலித்தீனின் மடிப்புகளுக்குள் மழைநீர் உள்ளங்கை அளவு தேங்கி நிற்கும். நுளம்பு தேடுவது அதைத்தான். மடிப்புகளை மண்ணால் மூடுங்கள். செடி கொண்டுவந்த வாளியைக் கவிழ்த்து வையுங்கள். புதிதாக நிரப்பிய குளத்துக்கு முதல் சில வாரங்களில் இன்னும் காவலர் இல்லை என்பதால், வாரம் ஒருமுறை வலையால் அலசிப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஒளிக்க வேண்டாம். கோப்பையில் அள்ளிக் காட்டுங்கள்.

அப்படியானால் கப்பி மீன் பத்து விட்டால் இன்னும் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எதிர்ப்பு வருகிறது, ஆனாலும் என் விடை மாறாது: விடாதீர்கள். கப்பி நுளம்புக் குடம்பியை மட்டும் பொறுக்கித் தின்பதில்லை. தும்பிக் குடம்பியின் குஞ்சையும், தவளை முட்டையையும், இளம் வாற்பேத்தையையும் தின்கிறது. மேலே சொன்ன காவலர்களைக் கொன்றுவிட்டு அவர்கள் வேலையை ஒரு மீனுக்குக் கொடுப்பதில் என்ன பயன்? திலாப்பியாவும் கோய் மீனும் அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கிவிடும், புல்கெண்டை ஐதரில்லாவையே வேரோடு தின்று முடிக்கும்.

மலைநாட்டின் உயர்ந்த ஓடைகள் பலவற்றில் இயல்பாக மீன்களே மிகக் குறைவு. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் இன்று காணும் ட்ரவுட் மீன் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. மீன் இல்லாத குளம் இங்கே குறையுள்ள குளம் அன்று.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஐதரில்லா மேலேயும் நூல்நூலாகப் பாசி படிந்திருக்கிறது. மருந்து இருக்கிறதா?

மருந்து வேண்டாம், நீருக்குள் சத்து எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் விடை மேற்புறத்தில் இருக்கும்: உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகளிலிருந்தும், உரம் போட்ட தேயிலை மலையின் வடிகான்களிலிருந்தும் மழையோடு வரும் நைதரசனும் பொசுபரசும். கான்நீரைக் குளத்துக்குள் விடாமல் திருப்பிவிடுங்கள். முடியாவிட்டால், குளத்துக்கு முன் ஒரு வண்டல் குழி வெட்டி, மண் அதில் படிந்தபின் தெளிந்த நீர் மட்டும் வழியச் செய்யுங்கள்.

நூற்பாசியை ஒரு கரடுமுரடான குச்சியில் சுற்றி எடுக்கலாம். ஐதரில்லா மிகக் குறைந்த ஒளியிலும் ஒளித்தொகுப்புச் செய்யவல்லது. கலங்கிய நீரிலும் தாக்குப்பிடித்து, சத்தை உறிஞ்சி, சில மாதங்களில் பாசியை மிஞ்சிவிடும். பொறுமை இல்லாதவர்கள் நீரை மாற்றுகிறார்கள். புதுநீரோடு புதுப்பாசி வருகிறது.

பக்கத்து மலையில் களைக்கு மருந்தடிக்கிறார்கள். குளத்துக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு. கிளைபொசேற்று என்னும் களைகொல்லி 2015இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருந்தோடு இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் பொருள்கள் வாற்பேத்தைகளுக்கு மருந்தைவிடத் தீங்கானவையாக இருக்கக்கூடும். தெளிக்கும் நாளைக் கங்காணியிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றும் அதன்பின் வரும் முதல் மழையிலும் கான்நீர் உள்ளே வராதபடி அடைத்துவிடுங்கள். இடையே அடர்ந்த புல் வரம்பு ஒன்று இருப்பது பெரிய உதவி. தெளித்த தாங்கியைக் குளத்தில் கழுவ எவரையும் விடாதீர்கள். இப்படி நடப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

குளம் முழுக்க நிரம்பிவிட்டது. காலையில் பார்த்தால் வாற்பேத்தைகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. செடிதான் ஒட்சிசன் தருகிறதே?

பகலில் தருகிறது, இரவில் நம்மைப் போலவே அதுவும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. செடி அளவாக இருந்தால் பகலில் சேர்ந்தது இரவுக்குப் போதும். குளம் முழுக்க அடைத்துக்கொண்டால், விடியற்காலையில் ஒட்சிசன் மிகவும் இறங்கிவிடும். மேகமூட்டமான சில நாட்கள் தொடர்ந்தால் இன்னும் மோசம்.

நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் செடி இருக்கக்கூடாது என்பதே நான் கைக்கொள்ளும் அளவு. ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரிவிடாமல், ஒரு மூலையிலிருந்து தொடங்கி வாரந்தோறும் கொஞ்சமாக முள்வாரியால் இழுத்தெடுங்கள். எடுத்ததைக் கரையிலேயே, வழியும் நீர் குளத்துக்குள்ளேயே திரும்பும்படி, ஒரு நாள் குவித்து வையுங்கள். உள்ளே சிக்கிய குடம்பிகளும் நத்தைகளும் இறங்கிப் போகும். அதன்பின் காயவைத்து மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காக இடலாம்.

இன்டர்நெட்டில் இதை உலகத்திலேயே மோசமான நீர்க்களை என்று போட்டிருக்கிறார்கள். அதையா வளர்க்கச் சொல்கிறீர்கள்?

அமெரிக்காவில் அது உண்மை. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்குப் போன ஐதரில்லா, அங்கே ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது. சொந்த மண்ணில் அதைத் தின்னும் பூச்சிகளும், அதனோடு போட்டியிடும் செடிகளும் உண்டு. அங்கே அவை இருக்கவில்லை. எகேரியாவை இங்கே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆயினும் இயல்பான செடி என்பதற்காக எங்கும் கொட்டலாம் என்று பொருளில்லை. விரல் நீளத் துண்டு ஒன்று, ஒரு கணுவோடு கிடைத்தால் போதும், புதுச் செடியாகிவிடும். சேற்றுக்குள் அது விடும் சிறு கிழங்குகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் ஓடைகளின் கரையில் வாழும் நாம், குளம் வழியும் வாயில் நுண்ணிய வலை ஒன்றைக் கட்டி, மழைக்காலத்தில் அதை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகாயத்தாமரை அழகாகப் பூக்கிறதே, அதையும் கொஞ்சம் விடலாமா? வேறு என்ன செடி சேர்க்கலாம்?

ஆகாயத்தாமரையைத் தடுக்க இந்நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் இயற்றினார்கள் என்பதே போதிய விடை. சல்வீனியா என்னும் மிதக்கும் செடியும் வேண்டாம். இவை மேலே மூடிக்கொண்டால் கீழே ஐதரில்லாவுக்கு ஒளி போகாது. இப்படி மிதக்கும் செடிகளின் வேரில் மன்சோனியா என்னும் வேறு வகை நுளம்பின் குடம்பிகள் ஒட்டிக்கொண்டு காற்றை உறிஞ்சும் என்பதையும் டெங்குக் கேள்வி கேட்டவர்கள் கவனிக்கவும்.

சேர்ப்பதென்றால் கொட்டிக்கிழங்குச் செடியும் சிறு அல்லியும் பொருத்தம். மலையுச்சி ஓடைகளில் மட்டும் வாழும், இலங்கைக்கே உரிய கொட்டி இனம் ஒன்று ஹோர்ட்டன் சமவெளியில் உண்டு. அதை அங்கேயே பார்த்து மகிழுங்கள். கிரிப்டோகொரைன் என்னும் நீர்ச்செடி வகைகளிலும் பல இலங்கைக்கே உரியவை, மீன்தொட்டி வணிகத்துக்காகக் காட்டிலிருந்து பிடுங்கப்படுபவை. நாற்றுமேடையில் வளர்த்தது என்று உறுதியானாலன்றி வாங்காதீர்கள்.

பாம்பு வருமா?

தண்ணீர்ப் பாம்பு தவளையைத் தேடி வரலாம். அதற்கு விஷமில்லை, பிடித்தால் கடிக்கும், அவ்வளவே. தோட்டங்களில் அஞ்ச வேண்டியது கோப்பி விரியனுக்கு. அது நீரில் வாழ்வதன்று, சருகுக் குவியலில் கிடப்பது. குளத்துக்குப் போகும் நடைபாதையைச் சருகின்றி வைத்து, இரவில் விளக்கோடு போங்கள்.

வீடு மாறிப் போகிறோம், குளத்தை மூடவேண்டும். செடியையும் சேற்றையும் என்ன செய்வது?

ஓடையில் கொட்டாதீர்கள், கானிலும் கொட்டாதீர்கள். மழையில்லாத மாதத்தில் நீரை மெதுவாக இறக்கி, அதில் உள்ள உயிர்களை வாளியில் எடுத்து அருகிலுள்ள மீனில்லாக் குளத்தில் விடுங்கள். வாற்பேத்தைகள் கால் முளைத்து வெளியேறும் வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. செடியை வாரி, மொறுமொறுப்பாகும் வரை வெயிலில் காயவையுங்கள்.

சேறு தனிக் கவனம் வேண்டுவது. மேலே சொன்ன கிழங்குகள் அதற்குள்தான் இருக்கும். அதைக் குளக்குழியிலேயே விட்டு, மேலே குறைந்தது ஒரு முழ உயரத்துக்கு உலர்ந்த மண்ணைப் போட்டு மிதித்து மூடிவிடுங்கள். அந்த இடத்தில் அடுத்த மழைக்கு நீர் தேங்கினால், மண் இறங்கிவிட்டது என்று பொருள். இன்னும் மண் போடும்படி புதிதாகக் குடிவருபவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.